தேநீரில் உள்ள ‘தே’

பகாங் மாநிலத்தைச் சேர்ந்த கேமரன் மலையில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில், தானா ராத்தா என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அதனைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அவ்வூர்க் காப்பிக் கடைகளில் பால் கலவாத தேநீரை விரும்புவோர் ‘தே ஓ’ என்று கேட்டு வாங்குவர். மலேசியா எங்கும் எல்லா இனத்தாரும் வழங்கும் சொல் இது. உலக மக்கள் அனைவர்க்கும் பொதுவாக அமைக்கப்பட்ட எஸ்பெராந்தோ மொழியிலும் தேநீருக்குப் பெயர் ‘தேஓ’ என்பதே.

இவ்விரண்டும் ஒரே சொல்லோ எனின், பாதி ஒன்று, பாதி வேறு. மலேசியக் கடையில் கேட்கும் ‘ஓ’ என்பது ஹொக்கியன் சீனத்தில் ‘கருமை’ எனப் பொருள்படும் சொல். எஸ்பெராந்தோவில் உள்ள ‘ஓ’வோ, பெயர்ச்சொல் என்பதைக் காட்டும் வெறும் விகுதி. ஓசை ஒன்றாயிருப்பினும் இவற்றிடையே உறவு சிறிதும் இல்லை. ஆனால் இரண்டிலும் முன்னிற்கும் ‘தே’ ஒரே வேரினின்றும் பிறந்தது. ஓசையொற்றுமை ஓரிடத்தில் ஏமாற்றும். மற்றோரிடத்தில் உண்மை கூறும். எது எவ்விடத்து என்பதைச் சொல் நடந்து வந்த வழியைக் கொண்டுதான் தெளிய வேண்டும்.

இத்தெளிவு தமிழாசிரியர்க்கு இன்றியமையாதது. ‘தேநீர்’ என்று எழுதுவதா, ‘தேனீர்’ என்று எழுதுவதா என்னும் ஐயம் வகுப்பறையில் அடிக்கடி எழுகின்றது. தேன் போன்ற நீர் ஆதலின் அது தேனீர் என்று விளக்குவாரும் உளர். தேயும் இலை ஆதலின் தேயிலை என்பாரும் உளர். இவ்விளக்கங்கள் பொருந்துமா என்பதை அறிய எஸ்பெராந்தோச் சொல் ஒன்று துணை செய்யும். ஏனெனில், ஏனைய மொழிச் சொற்கள் எப்பொழுது, எவரால் வழக்கிற்கு வந்தன என்று சுட்டுதல் அரிது. எஸ்பெராந்தோச் சொல்லுக்கோ ஆண்டும் உண்டு, ஆக்கியோன் பெயரும் உண்டு. அங்கிருந்து பின்னோக்கி நடந்தால் ‘தே’யின் பிறப்பிடத்தை அடையலாம்.

எஸ்பெராந்தோவில் ‘தேஓ’

எஸ்பெராந்தோவை அமைத்தவர் சாமென்ஹோப் என்னும் கண் மருத்துவர். அவர் 1859ஆம் ஆண்டில், அக்காலத்து ருசியப் பேரரசுக்கு உட்பட்ட பியாலிஸ்தோக் நகரில் பிறந்தார். ருசியர், போலந்தியர், செருமானியர், யூதர் ஆகிய நால்வகை மக்கள் வெவ்வேறு மொழி பேசி ஒருவரையொருவர் அயலாராகக் கருதி வாழ்ந்த ஊர் அது. எல்லார்க்கும் பொதுவான ஒரு துணைமொழி இருப்பின் இப்பகை தணியும் என்று அவர் எண்ணினார். 1887ஆம் ஆண்டில் வார்சா நகரில் தம் மொழியின் முதல் நூலை வெளியிட்டார். ‘நம்பிக்கை கொண்டவர்’ என்னும் பொருளில் அவர் அந்நூலுக்கு இட்டுக்கொண்ட புனைபெயரே பின்னர் மொழிக்குப் பெயராயிற்று.

சாமென்ஹோப் வேர்ச்சொற்களைப் பெரும்பாலும் புதிதாகப் படைக்கவில்லை. ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற்குப் பொதுவாய் நின்ற சொற்களைத் தெரிந்தெடுத்து, அவற்றிற்கு ஒழுங்கான விகுதிகளை அமைத்தார். 1894இல் அவர் வெளியிட்ட சொற்றொகுதியில் ஒவ்வொரு வேருக்கும் பிரெஞ்சு, ஆங்கிலம், செருமன், ருசியம், போலந்தியம் ஆகிய ஐந்து மொழிகளில் பொருள் தந்துள்ளார். அதில் ‘தே’ என்னும் வேருக்கு நேராக முறையே ‘தே’, ‘டீ’, ‘தே’, ‘சாய்’, ‘ஹெர்பாத்தா’ என்னும் சொற்கள் நிற்கின்றன. தாம் பிறந்த நாட்டில் நாள்தோறும் கேட்ட ருசியச் ‘சாய்’ என்பதையோ போலந்திய ‘ஹெர்பாத்தா’ என்பதையோ அவர் கொள்ளவில்லை. மேலை ஐரோப்பாவில் பெருவழக்காயிருந்த ‘தே’யையே கொண்டார்.

இவ்வேரினின்று எஸ்பெராந்தோ சொற்களை ஆக்கும் முறை தமிழ் கற்பிப்போர்க்கு இனிது விளங்கும். ‘தே’ என்பது வேர். ‘ஓ’ சேரப் பெயர். அதன்மேல் ‘ன்’ சேரச் செயப்படுபொருள். எனவே ‘தேஓன்’ என்பது ‘தேநீரை’ என்றாகும். ‘எய்’ என்பது இடத்தைக் குறிக்கும் இடைநிலை. ‘தே’, ‘ப்லாந்த்’, ‘எய்’, ‘ஓ’ என்னும் நான்கும் இணைந்து ‘தேப்லாந்தேயோ’ ஆகின்றன. தேச்செடி நட்ட இடம், அதாவது தேயிலைத் தோட்டம் என்பது பொருள். ஒட்டுக்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தெளிவாக அடுக்கி நிற்கும் இவ்வமைப்பு, தமிழில் பகுதியும் விகுதியும் நிற்கும் முறையை ஒத்தது.

ஐரோப்பாவில் வழங்கிய மூன்று வடிவங்கள்

மேற்கூறிய ஐந்து சொற்களுள் ‘ஹெர்பாத்தா’ தனித்து நிற்பதுபோல் தோன்றும். ஆராயின் அதுவும் இனத்தைச் சேர்ந்ததே. இலத்தீனில் ‘ஹெர்பா’ என்பது மூலிகை. ‘தேயா’ என்பது தேயிலை. ‘தே மூலிகை’ என்னும் தொடர் ஒரு சொல்லாக மருவி ஹெர்பாத்தா ஆயிற்று. இறுதியில் நிற்கும் ‘தா’வினுள் ‘தே’ மறைந்து கிடக்கின்றது.

ஆங்கிலத்தின் கதை சுவையுடையது. 1658ஆம் ஆண்டில் இலண்டன் செய்தித்தாள் ஒன்றில் ஒரு காப்பிக் கடையின் விளம்பரம் வெளிவந்தது. சீன நாட்டுப் பானம் ஒன்று அக்கடையில் விற்கப்படும் என்றும், அதனைச் சீனர் ‘சா’ என்பர், பிற நாட்டார் ‘டே’ என்றும் ‘டீ’ என்றும் கூறுவர் என்றும் அது தெரிவித்தது. மூன்று வடிவங்களும் ஒரே விளம்பரத்தில் இடம்பெற்றமை, சொல் இன்னும் நிலைபெறாத காலம் அது என்பதைக் காட்டும். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாந்தர் போப் என்னும் கவிஞர் இச்சொல்லை ‘ஒபே’ என்னும் சொல்லோடு இயைபு பொருந்த அமைத்துள்ளார். ஆகவே அக்காலத்து ஒலிப்பு ‘டே’ என்பது தெளிவு. ஆங்கில உயிரொலிகள் மாறியபோது ‘டே’ என்பது ‘டீ’ ஆயிற்று. இன்று தமிழர் பேச்சில் வழங்கும் ‘டீ’ அவ்வாறு மாறிய பின்னர் வந்த வடிவம்.

பிரெஞ்சு, செருமன், இத்தாலியம், ஸ்பானியம் முதலிய மொழிகளில் ‘தே’ மாறாமல் நின்றது. இம்மொழிகளுக்கு இச்சொல்லைப் பரப்பியவர்கள் டச்சுக்காரர், அதாவது தமிழில் ஒல்லாந்தர் எனப்படுவோர்.

கடல்வழியும் தரைவழியும்

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602ஆம் ஆண்டில் தோன்றியது. சாவகத் தீவின் பாந்தம் துறைமுகத்திலும், 1619க்குப்பின் பத்தாவியாவிலும் அதன் வாணிகம் நிலைபெற்றது. பத்தாவியா இன்றைய ஜகார்த்தா ஆகும். 1610ஆம் ஆண்டையொட்டி அக்கம்பெனியார் ஐரோப்பாவிற்கு முதன்முதல் தேயிலையைக் கொண்டுசென்றனர். 1637இல் கம்பெனியின் இயக்குநர்கள், தேயிலையைச் சிலர் விரும்பத் தொடங்கியுள்ளமையால் ஒவ்வொரு கப்பலிலும் சில சாடிகள் அனுப்புமாறு பத்தாவியாவிற்கு எழுதினர்.

அத்துறைமுகங்களுக்குச் சீனப் பண்டங்களைக் கொணர்ந்தவர்கள், சீனத்தின் தென்கிழக்குக் கரையிலுள்ள பூக்கியன் மாநிலத்து வணிகர்கள். அமோய் முதலிய துறைகளிலிருந்து பாய்மரக் கலங்களில் வந்த அவர்கள் பேசியது ஹொக்கியன் எனப்படும் தென்மின் மொழி. அம்மொழியில் தேயிலைக்குப் பெயர் ‘தே’. துறைமுகங்களின் பொதுமொழியாயிருந்த மலாயிலும் அது ‘தே’ என்றே வழங்கிற்று. ஒல்லாந்தர் அச்சொல்லை அவ்விடத்தே கற்றனர். மலாயின் வாயிலாகவே அதனைப் பெற்றனர் என்பது சொல்லாராய்ச்சியாளர் பலர் கொண்ட கருத்து. எனவே வார்சாவில் சாமென்ஹோப் எழுதிய சொல்லுக்கும் மலாய்க்காரர் நாவில் இன்று வழங்கும் சொல்லுக்கும் இடையே ஒரு கப்பற்பாதை இருக்கின்றது.

போர்த்துக்கீசியர் மட்டும் ‘தே’ என்னாது ‘சா’ என்றனர். 1557 முதல் அவர்கள் தங்கிய மக்காவ் நகரில் காண்டன் சீனம் வழங்கிற்று. அதில் தேயிலை ‘சா’ ஆகும். தரைவழியாக மேற்கு நோக்கிச் சென்றதும் ‘சா’ என்பதே. பாரசீகர் அதனைச் ‘சாய்’ ஆக்கினர். ருசியம், துருக்கி, இந்தி முதலியவற்றில் ‘சாய்’ என்றும், அரபியில் ‘ஷாய்’ என்றும் அது வழங்குகின்றது. சில விலக்குகள் நீங்கலாக, மின் வணிகரிடமிருந்து கடல்வழி கற்றோர் ‘தே’ என்பர். வடசீனத்திலிருந்து தரைவழி கற்றோர் ‘சா’ அல்லது ‘சாய்’ என்பர்.

‘தே’யும் ‘சா’வும் ஒன்றே

கேட்பதற்கு வேறுபட்ட ‘தே’யும் ‘சா’வும் இரு சொற்கள் அல்ல. சீனர் இரண்டினையும் ஒரே எழுத்தால் எழுதுவர். பண்டைக் காலத்தில் கசப்புக் கீரையைக் குறித்த ஓர் எழுத்தே தேயிலைக்கும் வழங்கிற்று. தாங் அரசர் காலத்தில், எட்டாம் நூற்றாண்டையொட்டி, அதில் ஒரு கோடு குறைக்கப்பட்டுத் தேயிலைக்குரிய தனியெழுத்து நிலைபெற்றது. லூ யூ என்னும் அறிஞர் தேயிலையைப் பற்றிய முதற் பெருநூலை இயற்றியதும் அந்நூற்றாண்டிலேயாம்.

அவ்வெழுத்தின் பழைய ஒலி, நா வளைந்து பிறக்கும் ‘ட்ர’ போன்றது. வடசீனத்திலும் காண்டனிலும் அம்முதலொலி நாளடைவில் சகரமாக மாறிற்று. மின் மொழிகளோ முன்னரே தனிக்கிளையாகப் பிரிந்தமையால் அம்மாற்றத்திற்கு உட்படாமல் தகரத்தைக் காத்து நின்றன.

தகரம் சகரமாதல் தமிழர்க்குப் புதுமையன்று. எழுத்தில் ‘அடித்தான்’ என்பது பேச்சில் ‘அடிச்சான்’ ஆகின்றது. ‘ஐந்து’ என்பது ‘அஞ்சு’ ஆகின்றது. மாற்றம் நிகழும் சூழல் இரு மொழிகளிலும் வேறாயினும், நாவின் இயல்பு ஒத்ததே. ‘ஐந்து’ம் ‘அஞ்சு’ம் ஒரு சொல்லின் இரு வடிவங்கள் என அறிந்த மாணவனுக்குத் ‘தே’யும் ‘சா’வும் அத்தகையனவே என்று கூறின் எளிதில் விளங்கும்.

இதற்கும் முற்பட்ட நிலை உண்டா? தேயிலைச் செடி இயற்கையாக வளரும் நிலம் தென்மேற்குச் சீனமும் அதனை அடுத்த பர்மா, அசாம் பகுதிகளும் ஆகும். அங்கு வாழ்ந்த பிறமொழி மக்களிடமிருந்தே சீனர் செடியையும் பெயரையும் பெற்றிருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். ஆஸ்திரோ-ஆசிய மொழிக்குடும்பத்தில் இலையைக் குறிக்கும் ‘ஸ்லா’ என்னும் பழஞ்சொல்லை அவர்கள் சுட்டிக் காட்டுகின்றனர். இது முடிந்த முடிபன்று. ஆராய்ச்சியில் உள்ள கருத்து. எனினும் தானா ராத்தா வாசகர் இதனை அறிதல் நன்று. கேமரன் மலையின் பழங்குடிகளாகிய செமாய் மக்களின் மொழி அக்குடும்பத்தைச் சேர்ந்தது. இலைக்கு அவர்கள் வழங்கும் சொல்லும் ‘ஸ்லா’ என்பதை ஒட்டியதே. இக்கருத்து மெய்யாயின், தேயிலை அம்மலைக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே அதன் பெயருக்கு உறவான சொல் அங்கு வாழ்ந்திருந்தது எனலாம். அன்றியும் ‘தே’ என்பதற்கே இலை என்பது பொருளாகித் ‘தேயிலை’ என்பது ‘இலையிலை’ என்றாகும். ‘கேட்டுக் கதவு’ என்று வழங்குவார் இருக்கும்பொழுது இது வியப்பன்று.

தமிழில் ‘தே’

இனித் தமிழுக்கு வருவோம். ‘தேநீர்’ என்பதைத் தேனோடு இணைப்போர்க்கு இலக்கணம் ஓரளவு இடந்தருகின்றது என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ள வேண்டும். தேன் என்னும் சொல் பிற சொற்களோடு புணருங்கால் அதன் இறுதி னகரம் சிலவிடத்துக் கெடும் என்பது நன்னூல் விதி. தேன், மொழி என்பன தேன்மொழி எனவும் தேமொழி எனவும் வரும். அவ்வாறே தேன், நீர் என்பன ‘தேநீர்’ ஆகலாம் என்று வாதிக்க இடமுண்டு.

தேயிலைக்கும் இவ்வாறே. ‘தே’ என்னும் பெயரோடு ‘இலை’ சேர்ந்தால், ஏகாரத்தின்பின் யகர உடம்படுமெய் பெற்றுத் ‘தேயிலை’ ஆகும். ‘தேய்’ என்னும் வினையோடு சேர்ந்தாலும் வினைத்தொகையாய்த் ‘தேயிலை’ என்றே முடியும். புணர்ந்தபின் நிற்கும் உருவம் ஒன்றே. பிரிப்பு மட்டுமே வேறு. ஆகவே, புணர்ச்சி விதி ஒரு பிரிப்புக்கு இடந்தருகின்றது என்பதனால் அப்பிரிப்பே மெய் என்றாகாது. இலக்கணம் ‘இவ்வாறு ஆகலாம்’ என்று கூறும். ‘இவ்வாறே ஆயிற்று’ என்று கூறுதற்கு வரலாறு வேண்டும்.

வரலாறு கூறுவது வேறு. முதலாவதாக, தேன் என்னும் சொல்லை அறியாத மக்களும் ‘தே’ என்கின்றனர். மலாயில் தேன் ‘மாடு’ எனப்படும், தேநீரோ ‘தே’. எஸ்பெராந்தோவில் தேன் ‘மியேலோ’; தேநீரோ ‘தேஓ’. சிங்களத்திலும் ‘தே’ என்பது தேநீரே. தேனுக்கும் அச்சொல்லுக்கும் அங்குத் தொடர்பில்லை. இத்தனை மொழிகளில் தேனின்றி நிற்கும் ‘தே’, தமிழில் மட்டும் தேனிலிருந்து பிறந்தது எனல் பொருந்தாது.

இரண்டாவதாக, உடன்பிறந்த மொழிகளின் சான்று. தெலுங்கில் தேன் ‘தேனெ’, தேயிலை ‘தேயாகு’. ‘ஆகு’ என்பது இலை. தேனெ என்பதன் னகரம் அங்கு இல்லை. மலையாளத்தில் இலை ‘தேயில’. அதனைக் காய்ச்சிய பானம் ‘சாய’. கடல்வழிச் சொல்லும் தரைவழிச் சொல்லும் ஒரே மொழியில் வேலையைப் பகுத்துக்கொண்டு வாழ்வதை அங்குக் காணலாம்.

மூன்றாவதாக, தமிழ் எழுத்தே தரும் சான்று. ஆங்கிலச் சொற்களில் உள்ள தகரவொலியைத் தமிழர் பெரும்பான்மையும் டகரமாகவே ஏற்பர். டாக்டர், டிக்கெட்டு, கோட்டு, டீ என்பன காண்க. போர்த்துக்கீசியம், டச்சு, மலாய் ஆகியவற்றின் ஒலி பல்லையொட்டிப் பிறப்பது. ஆதலின் அதனைத் தகரமாக ஏற்பர். போர்த்துக்கீசியத்திலிருந்து துவாலையும் சப்பாத்தும் வந்தன. டச்சிலிருந்து இலங்கைத் தமிழில் அலுவலகத்தைக் குறிக்கும் ‘கந்தோர்’ வந்தது. மலாய் ஊர்ப்பெயர் ஒன்றைக் காட்ட வேண்டின் தொலைவு செல்ல வேண்டா: ‘நிலம்’, ‘சமமானது’ என்னும் பொருளுடைய இரு மலாய்ச் சொற்களின் இணைப்பே தானா ராத்தா. அதனை எவரும் ‘டானா ராட்டா’ என்று எழுதுவதில்லை. ஆகவே ‘தே’யில் உள்ள தகரம், அச்சொல் ஆங்கிலேயர் வாயிலாக வந்ததன்று என்பதற்கு அடையாளம். ஒல்லாந்தர் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் நெடுங்காலம் வாணிகம் செய்தனர்; தமிழ் வணிகர் மலாய்த் துறைமுகங்களில் அதனினும் நெடுங்காலம் பழகினர். இவ்விரு வாயில்களுள் எதன்வழிப் புகுந்திருப்பினும் ஊற்று ஒன்றே.

தேயிலைத் தொழில் தமிழர் வாழ்வோடு பிணைந்தது இதன் பின்னரேயாம். இலங்கையின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலையை வாணிகப் பயிராகத் தொடங்கினார். 1869இல் தோன்றிய இலைநோயால் காப்பி அழிய, மலைநாடெங்கும் தேயிலை பரவிற்று. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளரே அதனை வளர்த்தனர். கேமரன் மலையை வில்லியம் கேமரன் 1885இல் அளவையிட்டார். 1929இல் ஜே. ஏ. ரசல் அங்குப் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, இலங்கையில் பயிற்சி பெற்ற மில்ன் என்பவர் துணை நின்றார். அங்கும் காட்டைத் திருத்திக் கொழுந்து பறித்தவர்களுள் தமிழர் மிகப் பலர். அவர்கள் வாயில் ‘தேத்தண்ணி’ என்னும் சொல் வழங்கிற்று. இலங்கைத் தமிழிலும் அது நிலைத்திருக்கின்றது.

‘போ’ என்னும் அத்தோட்டப் பெயரிலும் ஒரு பாடம் உண்டு. ‘மலைநாட்டிற் சிறந்தது’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களே அப்பெயர் என்று பலர் எண்ணுவர். ஆனால் சீனத்தின் வூயி மலையைத் தென்மின் மொழியில் வழங்கிய பெயரே ஆங்கிலத்தில் ‘போஹி’ எனத் திரிந்து ஒருவகைத் தேயிலைக்குப் பெயராயிற்று. தோட்டப் பெயர் அதனினின்று வந்தது என்பர். தெரியாத பெயருக்குத் தெரிந்த சொற்களால் விளக்கம் கூறும் ஆசை தமிழர்க்கு மட்டும் உரியதன்று.

கொடுத்ததும் கொண்டதும்

‘தே’ பிறமொழிச் சொல் என ஒப்புவதால் தமிழுக்குக் குறைவு நேருமோ என அஞ்சுவார் உண்டு. அவர்கள் எஸ்பெராந்தோவில் உள்ள மற்றொரு சொல்லை நோக்குவாராக. அம்மொழியில் இஞ்சிக்குப் பெயர் ‘ஸிங்கிப்ரோ’. அது இலத்தீனிலிருந்து வந்தது. இலத்தீன் அதனைக் கிரேக்கத்திலிருந்து பெற்றது. கிரேக்கரோ பாலியில் ‘சிங்கிவேர’ என வழங்கும் இந்திய வடிவத்திலிருந்து பெற்றனர். அவ்விந்தியச் சொல்லில் உள்ளவை ‘இஞ்சி’யும் ‘வேரு’ம் என்பது மொழியறிஞர் கண்ட முடிபு. எஸ்பெராந்தோவில் மாம்பழத்தைக் குறிக்கும் ‘மாங்கோ’விலும் மாங்காய் இருக்கின்றது. வெற்றிலையைக் குறிக்கும் ‘பெதேலோ’ மலையாள ‘வெற்றில’யினின்று போர்த்துக்கீசியர் வழிச் சென்றது.

இஞ்சியின் கதையில் கருதத்தக்கது ஒன்று உண்டு. வடமொழியார் இச்சொல்லைச் ‘சிருங்கவேரம்’ என எழுதினர். சிருங்கம் கொம்பு, வேரம் உடல். கொம்பு போன்ற உடலுடையது இஞ்சி என்று தம் மொழியிலேயே பொருள் கண்டனர். பொருள் அழகியதே, இஞ்சிக் கிழங்கின் கிளைகள் கொம்பு போலத்தான் இருக்கின்றன. ஆயினும் அது வரலாறு அன்று. இஞ்சியைக் கொம்பாக்கியது எவ்வளவு பொருந்துமோ, ‘தே’யைத் தேனாக்குவதும் அவ்வளவே பொருந்தும். இஞ்சி திராவிடச் சொல் என்று பிறர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று விரும்பும் தமிழர், ‘தே’ சீனச் சொல் என்று தாமும் ஒப்புதல் நேர்மையாகும். சொல்லாராய்ச்சியில் வரவுக்கு ஒரு படியும் செலவுக்கு ஒரு படியும் வைத்து அளத்தல் கூடாது.

இனி, எழுத்தைப் பற்றிய முடிபு எளிது. ‘தே’ என்பது தனிச்சொல். அதன்பின் ‘நீர்’ வருகின்றது. நகரம் னகரமாகத் திரிதற்கு அங்கு னகர மெய் இல்லை. ஆகவே ‘தேநீர்’ என்று எழுதுவதே முறை. ‘தேனீர்’ என எழுதினால் அது தேன் கலந்த நீராகும். அப்பொருளில் அதுவும் பிழையன்று, ஆனால் பானம் வேறு. மாணவன் தவறாக எழுதும்பொழுது சிவப்புக் கோடு இடுவதோடு நில்லாமல், அக்கோட்டிற்குரிய காரணத்தையும் ஆசிரியர் கூறலாம். இரண்டு சுழி னகரமா, தந்நகரமா என்னும் சிறு வினாவின் பின்னே பூக்கியன் வணிகரும் மலாய்த் துறைமுகமும் ஒல்லாந்தர் கப்பலும் நிற்பதை அறிந்த மாணவன் அவ்வெழுத்தை மறவான்.

இன்று கேமரன் மலைத் தோட்டங்களில் வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் பலர் கொழுந்து பறிக்கின்றனர். வங்காளத்தார் அதனைச் ‘சா’ என்பர்; நேப்பாளத்தார் ‘சியா’ என்பர். அவர்களை அடுத்து வாழும் மலாய்க்காரரும் தமிழரும் ஹொக்கியன் சீனரும் ‘தே’ என்பர்; காண்டன் சீனர் ‘சா’ என்பர். சீனத்தில் பிரிந்து, ஒன்று மலைகளைக் கடந்தும் மற்றொன்று கடலைக் கடந்தும் சென்ற இரு வடிவங்கள் ஒரே சரிவில் மீண்டும் கூடியிருக்கின்றன. அவ்விடத்துப் பயிலும் தமிழ் மாணவனுக்குச் சொல் வரலாறு கற்பிக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.